மரத்துப்போன கால்

"தரையெல்லாம் குங்குமத்தைக் கொட்டி வெச்சிருக்க. கண்ணு அவிஞ்சா போச்சு?"

கடையிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்தபடி அவர் கத்தினார். அவள் ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

வாசற்படியில் சிவப்பு. கூடத்தின் நடுவில் சிவப்பு. டிவிக்குப் பக்கத்தில் சிவப்பு.

குனிந்து துடைத்துக்கொண்டே வந்தாள். பிசுபிசுத்தது.

குங்குமம் பிசுபிசுக்காது.

கடைசிச் சிவப்பு அவருடைய வலது காலடியில் போய் முடிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஒரு திருகாணி, தலைவரைக்கும் இறங்கியிருந்தது. சொந்த இரும்புக் கடையில் அவர் செருப்பில்லாமல்தான் நடப்பார். லட்சுமி இருக்கிற இடமாம்.

எப்போது ஏறியதோ, அவருக்கே தெரியவில்லை.

அவள் நகத்தால் நெம்பி, திருகி, இழுத்தாள். அவர் சேனலை மாற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

"கால்ல படும்போது 'ம்' சொல்லுங்க."

"ம்," என்றார் அவர்.

இழை இன்னும் காலுக்கு வரவே இல்லை.

பிறகு பட்டது. வளையும் அளவுக்கு அழுத்தியது. அவர் பேசாமல் இருந்தார். டாக்டரம்மா கையை எடுத்த பிறகு, "ம்," என்றார்.

பக்கத்தில் நின்ற அவளுக்கு எல்லாம் தெரிந்தது. நடிக்கிறார்.

டாக்டரம்மா அவர் பக்கம் பார்க்காமல் இவளிடம் பேசினார். "ரொம்ப வருஷமா சர்க்கரையக் கவனிக்காம விட்டிருக்காரு. நீளமான நரம்புதான் முதல்ல சாகும். அதனால காலுக்குத்தான் முதல் அடி. ரத்த ஓட்டமும் சரியில்ல. வலிச்சாதானே மனுஷன் குனிஞ்சு காலைப் பார்ப்பான்? இவருக்கு இனிமே வலிக்காது. நீங்கதாம்மா தினமும் பாக்கணும். கறுப்பா ஏதாவது தெரிஞ்சாலோ, வாடை வந்தாலோ, உடனே கூட்டிட்டு வந்துடுங்க. தள்ளிப்போட்டா விரல் போகும். அப்புறம் காலே போகும்."

நீங்கதாம்மா.

அவருக்குச் சமைக்க அவள். துவைக்க அவள். இப்போது அவருக்கு வலிக்க வேண்டியதற்கும் அவள்தான்.

காலையில் அவர் பேப்பரை விரிப்பார். வலது காலை அவள் மடிமேல் நீட்டுவார். அவள் கழுவி, துடைத்து, விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பாள்.

அந்தக் கால் அவளுக்குப் பழக்கம்தான்.

கல்யாணமான புதிது. வயிற்றில் பிள்ளை. குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு அந்தக் கால் எழுந்து வந்தது. "வலிக்குதுங்க," என்று சுருண்டாள்.

"நடிக்காதடி."

பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் தங்கவில்லை.

சில நாள், துடைக்கிற சாக்கில், குதிகாலில் நகத்தைப் பதிப்பாள். முழு பலத்தோடு. பற்களைக் கடித்துக்கொண்டு. தோலில் பிறை பிறையாகத் தடம் விழும். அவர் பேப்பரைத் திருப்புவார்.

அதுதான் அவளை எரித்தது. திருப்பிக் கொடுக்கிற காலம் வந்தபோது, வாங்கிக்கொள்ள அந்தக் கால் அங்கே இல்லை.

ஆடி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில், மழை விட்டிருந்த ஒரு காலையில், சுண்டுவிரலைப் பிரித்தவள் கையை நிறுத்தினாள்.

விரலின் அடியில் கறுப்பு. ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. கிட்டே குனிந்ததும் வாடை அடித்தது.

"என்னடி வெறிச்சுப் பாக்குற? சீக்கிரம். கடை திறக்கணும்."

"வலிக்குதா?"

"எங்க வலிக்குது? பைத்தியமா ஒனக்கு?"

அவள் விரலை விட்டாள். மீண்டும் சேர்ந்துகொண்டது.

"அப்ப ஒண்ணுமில்லைங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவள் எழுந்திருக்கவில்லை. மடி ஈரமாக இருந்தது. கையை முகர்ந்து பார்த்தாள். புடவையில் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தாள்.

வெளியே அவர் ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை.

மறுபடி உதைத்தார்.

மறுபடியும்.

ஒவ்வோர் உதைக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. வண்டி உறுமிக் கிளம்பியபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை.

'ஏங்க' என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

"அருணகிரி!"

எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு நிமிர்ந்தாள். புருஷன் பெயரை இவள் வாயிலிருந்து தெரு கேட்டதில்லை. இவளும் கேட்டதில்லை.

வண்டி நின்றது. அவன் திரும்பினான்.

"எறங்கு," என்றாள். "கால் அழுகுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். எறங்குடா."

அவன் முகம் சுருக்கென்று சுளித்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.