கவுன்சிலர் வீடு

அறைந்த வேகத்தில் தோடு தெறித்து அடுப்படிக்குள் ஓடியது.

“எந்தக் கையத் தூக்குன?”

அவனே அவள் வலது கையைப் பிடித்தான். விரல்களைப் பின்பக்கமாக வளைத்தான். ஒரு விரலில் சத்தம் கேட்டது.

விஷயம் இவ்வளவுதான். மத்தியானம் பேரூராட்சிக் கூட்டம். குளத்தை மூடிப் போட்ட பிளாட்டுக்கு ஊர்ப் பணத்தில் தார் ரோடு போட வேண்டுமாம். அங்கே ஒரு குடி கிடையாது, ஆடு மேய்கிறது. அவள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டால் மட்டும் நிதி இல்லை. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர்.

தூக்கினாள்.

அந்த ஒரு கையில் தீர்மானம் தோற்றது.

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. வேறு வழியில்லாமல்தான் பெண்டாட்டியை நிறுத்தினான் தவசிலிங்கம். ஜெயித்த அன்று மாலை விழுந்தது அவன் கழுத்தில். பைக்கில் ‘கவுன்சிலர்’ என்று எழுதிக்கொண்டான். போஸ்டரில் அவன் ஆளுயரம் நின்றான், அவள் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தாள். கூட்டத்திலும் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எப்போது கை தூக்க வேண்டும் என்று இடித்துச் சொல்வான்.

புதிதாக வந்த அதிகாரி இன்று அவனை வெளியே போகச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

பிளாட்டுக்காரனுக்கு இவன் வாக்குக் கொடுத்திருந்தான். அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தூக்கியிருப்பாள்.

கூட்டம் முடிந்து வரும்போது, ஆபீஸ் கூட்டும் மாரித்தாய் காதைக் கடித்தாள். பிளாட்டுக்காரன் வராந்தாவில் நின்று போனில் பேசினானாம். வெளியூர் ஆட்களாம். கவுன்சிலர் வீட்டைக் கேட்டுப் போய், தூக்கின கையை எடுத்துவிடச் சொன்னானாம். இன்றைக்கே.

அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

வாயிலேயே விழுந்தது அறை.

இப்போது வாசலில் பைக் சத்தம்.

“கவுன்சிலர் வீடு இதான?”

அவன் அவள் கையை விட்டான். தலையைக் கோதினான். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான். சாயங்காலமானால் கையெழுத்துக்கு யாராவது வருவார்கள். அவள் பெயரையும் அவனே போட்டுக் கொடுப்பான்.

அவள் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றாள்.

இரண்டு பேர். இளவட்டங்கள்.

“நான்தான் கவுன்சிலர். சொல்லுங்க தம்பி.”

ஒருவன் திரும்பித் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டைக் காலருக்குப் பின்னால் அரிவாள் பிடி தெரிந்தது.

அவள் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தாள். கிழிந்த உதடு எரிந்தது.

“அக்கா, நீங்க உள்ள போயிருங்க” என்றான் மற்றவன், மரியாதையாக.

போனாள்.

வலது கை மடங்கவில்லை. இடது கையால் தாழ்ப்பாளைப் போட்டாள்.