நீலாம்பரி கேட்ட சீட்டு

திரையில் அவளுடைய கையெழுத்து.

முதலில் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுடையதேதான். கும்பகோணம் கச்சேரியில், முன்வரிசை வழியாகக் கைமாற்றி மேடைக்கு அனுப்பிய துண்டுச் சீட்டு.

‘நீலாம்பரி ஒன்று பாடவும். என் வீட்டுக்காரர் தூங்க வேண்டும்.’

இரண்டே வரி. அதற்குமேல் அந்தத் தாளில் இடமில்லை.

திரையில் வித்வான் ரங்கபாஷ்யம் அதை விரலிடுக்கில் பிடித்திருந்தார். கச்சேரி முடிந்து, மேடைக்குப் பின்னால், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. ஊர் ஊராக அவர் பாடப் போன நாற்பது நாள் பயணத்தைப் படமாக எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் விடியற்காலை ரயில் பிடித்துச் சென்னைக்கு வந்து, திரைப்பட விழா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றாள். இருபது வருடமாக அவர் குரல் என்றால் அவளுக்கு உயிர்.

அவர் சீட்டைப் படித்தார். மிருதங்கக்காரரிடம் நீட்டினார்.

“நம்ம கச்சேரில தூங்கறதுக்குத் தனியா ராகம் வேற கேக்கறாங்க ஓய். நான் கல்யாணி பாடினாலே பாதிப் பேர் தூங்கறான்.”

அரங்கமே சிரித்தது. பக்கத்து இருக்கைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டு, கூடச் சிரிக்க ஆள் தேடி அவள் பக்கம் திரும்பினார்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திருப்பிப் பார்த்திருக்கலாமே, பாவி. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் கிழிசல் அது. பின்பக்கம் வலி மாத்திரையின் பெயர் இருந்தது. அதற்கு மேலே நோயின் பெயரும் இருந்தது.

கச்சேரி நடந்த அன்றைக்குப் பத்து நாளாகக் கணவருக்குத் தூக்கமில்லை. எந்த மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. ‘ரங்கபாஷ்யம் நீலாம்பரி பாடினா தூங்கிருவேன், நீ போய்க் கேளு’ என்று அனுப்பியதே அவர்தான். கச்சேரி தொடங்கியதும் அவருக்குப் போன் போட்டு, அதை மடியில் வைத்திருந்தாள். வீட்டில் அவர் தலையணை மேல் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நீலாம்பரி வரவில்லை.

படம் முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். இயக்குநரும் ரங்கபாஷ்யமும் மேடையேறினார்கள். கேள்வி கேட்கலாம் என்றார்கள். அவள் கை தூக்கினாள். மைக் வந்தது.

“அது என்னோட சீட்டு.”

கைதட்டல். என்னமோ பரிசு விழுந்தவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கபாஷ்யம் வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்தான்.

வந்தான்தான். இனி அவனுக்கு என்ன மரியாதை.

“அட, நீங்களா? வீட்டுக்காரர் அப்புறம் தூங்கினாரா, இல்லையாம்மா?”

மறுபடி சிரிப்பு.

“இருபத்திமூணு நாள் கழிச்சுத் தூங்கினார். அப்புறம் எழுந்திருக்கலை.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. சிலருக்கு அப்போதும் புரியவில்லை.

அவனுக்குப் புரிந்தது. முகம் செத்துவிட்டது. கும்பிட்டான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

பாட ஆரம்பித்தான்.

நீலாம்பரி. தாலாட்டு.

படுபாவி, எவ்வளவு நன்றாகப் பாடினான்.

போன்கள் உயர்ந்தன. பாதி அவனைப் படம் பிடித்தன, பாதி அவளை. அவள் அழ வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவன் பாடும்போது நடுவில் எழுந்து போனதே இல்லை அவள். போகிறவர்களைப் பார்த்தாலே முறைப்பாள். வீட்டில் ஒரு மனுஷன் வலியில் துடித்துக்கொண்டு கிடந்த அன்றும், அடுத்தது பாடுவார், அடுத்தது பாடுவார் என்று மங்களம் வரை உட்கார்ந்திருந்தாள்.

மைக்கை இருக்கையில் போட்டாள். அந்தச் சத்தத்தில் அரங்கம் அதிர்ந்தது. அவன் குரல் ஒரு கணம் தடுமாறிப் பிறகு தொடர்ந்தது.

உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

யாரோ “உஷ்” என்றார்கள்.

செருப்பை இன்னும் சத்தமாகத் தேய்த்து நடந்தாள்.