புயல் கூண்டு

"ஏலே ஷாம்! நிறுத்துதியா, இல்ல இந்த விளக்குமாத்தால உன் மத்தளத்தைப் பிரிச்சு மேயவா?"

முத்தையாபுரத்தின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. தெருமுனையில் மளிகைக்கடை நடத்தும் சண்முகவடிவு, ஒரு கை விளக்குமாற்றிலும் மறு கை இடுப்பிலுமாக ஷாமின் வீட்டு வாசலில் நின்றாள்.

மாடியில் ஷாமின் டிரம்ஸ் அடங்கியது. ரெனிஷின் கிடாரும் அடங்கியது. பாடகி ஜெப்ஸி மட்டும், கடைசி வரியைக் கத்தி முடித்துவிட்டே வாயை மூடினாள். 'துருப்பிடிச்ச நங்கூரம்' என்னும் அவர்களுடைய பங்க் ராக் குழுவின் கொள்கை, எவருக்கும் பணிவதில்லை என்பதாகும்.

ஷாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"வடிவக்கா, பட்டப்பகல்ல பாடக்கூடாதுன்னு சட்டமா?"

"சட்டம் பேசாதலே. எனக்குத் தலைவலி."

"போன வாரம் இதே பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டு, வடை எல்லாம் குடுத்து விட்டியளே!"

"அது போன வாரத் தலை."

சத்தம் கேட்டு ஷாமின் தந்தை பொன்னுதுரை, இடுப்புச் சாரத்தை இறுக்கியபடி வெளியே வந்தார். துறைமுகத்தில் கிரேன் இயக்கும் அவருக்குப் பணிநேரம் வாரந்தோறும் மாறும். மகன்மீது கொண்ட பாசம் மட்டும் மாறியதேயில்லை.

"விடும்மா வடிவு, சின்னஞ்சிறுசுக. கிரேன் சத்தத்துல பழகுன காது இது. வீட்டுக்குள்ள இருக்க எனக்கே ஒரு தொந்தரவும் இல்ல. நீ அடிலே!"

"நீங்க சும்மா இரிங்க அண்ணாச்சி. குடுக்கிற செல்லம்தான் ஊரைக் கெடுக்கு!"

விளக்குமாறு ஒருமுறை காற்றைக் கிழித்தது. அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது.

ஆனால், அன்றே ஒரு பாட்டும் பிறந்தது. புயல் வருமானால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா? ஜெப்ஸி அதை எடுத்துக்கொண்டாள்.

*ஏத்து ஏத்து, கூண்ட ஏத்து!*
*வடிவக்கா வாரா, விலகு, பாத்து!*
*போன வாரம் தென்றல் காத்து,*
*இந்த வாரம் என்ன கூத்து?*

பாட்டு கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலில் முணுமுணுத்தார்கள். சாத்தான்குளத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சட்டையில் கூண்டு வரைந்துகொண்டார்கள். பாட்டுக்கு உரியவள் மட்டும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

குழுவின் முதல் சொந்தக் கச்சேரிக்கு, உப்பு மூட்டைகள் இன்றிக் காலியாகக் கிடந்த தம் கிட்டங்கியைத் தர வியாபாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சி இசைந்தார். ஆனால், ஒரு நிபந்தனையோடு.

"ஒழுங்கா நடந்துச்சுன்னா தினம் சாயங்காலம் இங்கனயே பாட்டுப் பழகிக்கிடுங்க. சண்டை, தகராறுன்னு வந்துச்சோ, பூட்டுதான்."

வேறு இடம் அவர்களுக்கு இல்லை.

கச்சேரி மாலை. கிட்டங்கி வாசல்வரை கூட்டம் நிரம்பியது. "கூண்டு! கூண்டு!" என்று கூரை அதிர்ந்தது.

ஜெப்ஸி திடுக்கிட்டாள். "ஏலே, முன்வரிசையப் பாருங்க."

அங்கே சண்முகவடிவு அமர்ந்திருந்தாள். மடியில் புத்தம்புது விளக்குமாறு.

"போச்சு," என்றான் ரெனிஷ். "பாடலைன்னா கூட்டம் விடாது. பாடினா அக்கா விடமாட்டா. தகராறு வந்தா கிட்டங்கியும் போச்சு."

"எவனுக்கும் பணியமாட்டோம்னு சட்டையில எழுதியிருக்க?" என்றாள் ஜெப்ஸி.

"சட்டைய வேணும்னா கழட்டிருதேன்ளா."

ஷாம் கண்களை இறுக மூடிக்கொண்டு டிரம்ஸை அடித்தான். ஜெப்ஸி வருவது வரட்டும் என்று பாடினாள்.

முதல் வரிக்குச் சண்முகவடிவு எழுந்தாள். இரண்டாம் வரிக்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. மூன்றாம் வரிக்கு விளக்குமாறு தலைக்குமேல் உயர்ந்தது.

நான்காம் வரிக்கு, அதைச் சுழற்றிச் சுழற்றி அவள் ஆடத் தொடங்கினாள்!

கிட்டங்கி கிடுகிடுத்தது. செந்தூர்பாண்டி அண்ணாச்சியே நாற்காலிமேல் ஏறி நின்று, "நாளையில இருந்து இங்கனயே பழகுங்கடே!" என்று கூவினார்.

பாட்டு முடிந்ததும் ஷாம் வியர்வையோடு இறங்கி ஓடிவந்தான்.

"வடிவக்கா, தப்பா நெனைச்சிராதீய..."

"நெனைக்காம? எம்பேரை அத்தனை வாட்டி பாடுதீய, கடை பேரை ஒரு வாட்டி பாடுனா கொறைஞ்சா போயிருவிய?"

ஷாமுக்கு உயிர் வந்தது, சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு விளக்குமாற்றால் மூலையைச் சுட்டினாள்.

"அது இருக்கட்டும். 'இந்த வாரம் என்ன கூத்து'ன்னு ஊரைக்கூட்டிக் கேட்டியே. பதில அங்கன பாரு."

அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, காலிச் சாக்குகளின்மேல் சாய்ந்து, வாய் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார் பொன்னுதுரை. இரண்டு காதுகளிலும் வெள்ளையாய் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"இன்னைக்கும் அவருக்கு ராத்திரி ஷிப்ட். பகல்ல தூங்குனாத்தான் ராத்திரி கிரேன்ல கண்ணு முழிக்க முடியும். 'பிள்ளைகிட்டச் சொல்லிராத வடிவு, டிரம்ஸ் கம்பைக் கீழ போட்டுருவான்'னு கெஞ்சுனாரு. இப்பதான் உங்களுக்கு வேற இடம் கிடைச்சிருச்சே, சொல்லுதேன்."

சண்முகவடிவு குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க அப்பா என் கடையில காதுக்குப் பஞ்சு வாங்குன வாரம் மட்டுந்தாம்லே எனக்குத் தலைவலி."