பிலுமினியாரி

“சூப்புல உப்பு போதுமா? சன்னல மூடட்டுமா? ரொட்டி வேணுமா?” பிலுமேனா ஓயவில்லை.

கணவன் கோலா முகம் சுளித்தான். “போதும்டி, பிலுமினியாரி!”

அவர்கள் ஊரான கத்தானியாவின் பேச்சுவழக்கில் எந்தப் பெயரோடும் ‘யாரி’யை ஒட்டினால் ஒரு வினைச்சொல் தயார். இதற்கு, பிலுமேனாவைப் போல் நச்சரிப்பது என்று அர்த்தம்.

அவள் பால்கனிக்கு ஓடினாள். “வென்னிரா அக்கா! அவரு என் பேரை வச்சே என்னைத் திட்டிட்டாரு!”

எதிர் பால்கனியில் துணி உலர்த்திய வென்னிரா கொதித்தாள். “அவ்வளவு கொழுப்பா அவனுக்கு? இரு, கரண்டியோட வரேன்!”

“ஐயோ, அடிச்சிடாதீங்க!” பிலுமேனா அழுதுகொண்டே சிரித்தாள். “பக்கவாதம் வந்த பிறகு அவரு வாய்திறந்து பேசினதே இப்பதான்!”

உள்ளேயிருந்து அடுத்த சொல்லும் வந்தது.

“வென்னிரியாரி!”