இருநூற்றிருபது வாட்

"புகை எவ்வளவு உயரம் போகும், பிள்ளை?"

கண்ணாடிப் பெட்டிக்கு அப்பால் நின்ற வினோஜா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க் எக்ஸ்டென்ஷனில் வேப் என்கிற மின்சிகரெட் விற்கும் ஒரே தமிழ்ப்பெண் அவளாகத்தான் இருக்கும். கம்பளித் தொப்பியும் பொய்ப்பல்லுமாக அவளிடம் வந்த ஒரே தமிழன் நானாகத்தான் இருக்கும்.

"எல்லாரும் என்ன ருசி எண்டு கேப்பினம் அங்கிள். நீங்கள் உயரம் கேக்கிறியள்."

ருசி யாருக்கு வேண்டும்? எனக்குத் தேவை மேகம். நான் ஊதினால் எங்கள் நகரத்து மலை உச்சியில் நிற்கும் சிலுவை மறைய வேண்டும். விமானங்கள் வழி தவறி ஒட்டாவாவில் இறங்க வேண்டும்.

முக்கியமாக, என் மனைவி புஷ்பவதி அதைக் காண வேண்டும். கண்டு கொதிக்க வேண்டும். அதுவும் இன்றைக்கு, இருட்டுவதற்குள்.

முப்பது வருடங்களுக்கு முன் என்னை முருகன் கோவிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்து, இனிமேல் புகைப்பதில்லை என்று சத்தியம் பண்ண வைத்தவள் அவள். அதற்கு முன் அவள் எனக்கு ஏசிய ஏச்சைக் கேட்டே எங்கள் தெருவில் பாதிப்பேர் சிகரெட்டை விட்டார்கள். மேல்வீட்டுக் கிரேக்கக் கிழவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவரும் விட்டார்.

"அன்ரியோடை சண்டையோ?" வினோஜாவுக்குச் சிரிப்பு.

"ஒரு மாதமாய்க் கதைபேச்சில்லை."

அவள் இரண்டை எடுத்து வைத்தாள்.

ஒன்று மெலிந்தது. நாற்பது வாட். ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்குமாம். ஆனால் அதன் புகை, ஆறிப்போன தேத்தண்ணீரின் ஆவி மாதிரி.

மற்றது செங்கல். வயிற்றுக்குள் இரண்டு பற்றரி. இருநூற்றிருபது வாட். ரயில் எஞ்சினைக் கழற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது போல.

"உது பற்றரியைக் குடிச்சிடும் அங்கிள். இந்தக் குளிருக்கை வெளியிலை நிண்டு இழுத்தால் பத்து இழுவையும் வராது."

இதுதான் என் தலையிடி. மெலிந்தது என்றால் நாள் முழுக்க ஊதிக்கொண்டு நிற்கலாம். ஒரு காகத்துக்கும் தெரியாது. செங்கல் என்றால் ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பத்து இழுவைக்குள் புஷ்பவதி இந்தப் பக்கம் திரும்பாவிட்டால்?

ஒன்றைத் தூக்கினேன். வைத்தேன். மற்றதைத் தூக்கினேன். வெளியே பார்த்தேன். டிசம்பர்ச் சூரியன், நேரத்தோடு வீட்டுக்குப் போகும் அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தது.

"செங்கலைத் தா. அதுக்குள்ளை ஊத்த நிக்கோட்டின் இல்லாத போத்தல் ஒண்டும் தா."

முருகனோடு ஏற்கெனவே கதைத்துவிட்டேன். இதில் நெருப்பில்லை, புகையிலையுமில்லை, சத்தியத்துக்கு ஒரு கீறலும் விழாது என்றேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

"நெஞ்சோடை வைச்சுக் கொண்டுபோங்கோ. சூடு இருந்தால் பற்றரி கொஞ்சம் கூட நிக்கும்."

பச்சைக் குழந்தையைப் போல அதை உள்சட்டைக்குள் அணைத்துக்கொண்டு மெத்ரோ ரயிலில் ஏறினேன். இருக்க இடம் இருந்தும் இருக்க முடியவில்லை. கதவடியில் நின்றேன். இந்த வாசலா, அந்த வாசலா என்று பெட்டி முழுக்க நடந்தேன்.

கோட்-டெ-நெய்ஜ் நிலையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்றேன்.

நாலாம் மாடி. மூலை ஜன்னல். அவளுடைய சக்கர நாற்காலியைப் பின்னேரத்தில் அங்கேதான் தள்ளிவிடுவார்கள். போன் அவள் மடியில் இருக்கும். காலையில் நான்தான் வைத்துவிட்டு வந்தேன்.

முதல் இழுவை. இருமினேன், பொய்ப்பல் பறக்கப் பார்த்தது. காற்று என் மேகத்தைக் கொண்டுபோய், வழியால் போன நாயொன்றுக்குப் போர்த்திவிட்டது.

இரண்டாவது கொஞ்சம் எழும்பிச் சரிந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எனக்கு ஒரு மைதானமே ஒதுக்கித் தந்தார்கள். மூன்றாவது, நான்காவது. ஜன்னலில் தலை அசையவில்லை. செங்கலின் திரையில் பற்றரிப் படம் பாதியாகிவிட்டது. செங்கலை நெஞ்சுக்குள் வைத்துச் சூடாக்கினேன், எடுத்தேன், ஊதினேன். கால் பகுதி. கட்டடத்தின் உச்சியில் மட்டும் வெயில் மிஞ்சியிருந்தது.

மெலிந்ததையே வாங்கியிருக்கலாம்.

செங்கலில் சிவப்பு விளக்கு மின்னியது. இன்னும் ஒரே ஒரு இழுவை.

கண்ணை மூடி, கன்னம் இரண்டும் நாதஸ்வரக்காரருடையது போல உப்ப, உள்ளே இருந்த அவ்வளவையும் மேலே விட்டேன். ஆஸ்பத்திரி மறைந்தது. வானம் மறைந்தது. நானும் மறைந்தேன். ஜன்னலும்தான் மறைந்தது, அவள் பார்த்தாளா என்று எனக்கே தெரியவில்லை. செங்கல் கைக்குள் செத்துக் குளிர்ந்தது.

அந்த வெள்ளைக்குள் நின்றபோது போன் அடித்தது.

"இஞ்சை! கற்பூரம் அணைச்சது மறந்து போச்சோ? எறியுங்கோ உந்தக் கோதாரியை!"

'கற்பூரம்' பாதியில் வழுக்கியது. 'கோதாரி' மட்டும் சுத்தமாக வந்தது.

போன மாதம் பாரிசவாதம் வந்த அன்றிலிருந்து அவள் வாயைவிட்டு வந்த முதல் சொற்கள். நாக்குக்குப் பேச முடியும், அவவுக்குத்தான் மனமில்லை என்று டொக்டர் கையை விரித்திருந்தார்.

போனைக் காதோடு அழுத்தினேன்.

"கேக்கேல்லையப்பா," என்றேன். "இன்னும் பலமாய் ஏசும்."