கழுவி வந்த கடைசிப் படம்

"பன்னைத் தின்னுக்கிட்டே படம் எடுத்தீங்களாம்மா?" என்று சிரித்தபடி ஸ்டுடியோக்காரர் படங்களை நீட்டினார். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலோர மேசையில் வெள்ளை விரிப்பு, தட்டில் ஒரு பன், டம்ளரில் தண்ணீர். வெயில் நகர்வதைப் பிடிக்க, தையலுக்கு நடுவே மணிக்கு ஒரு படமாக, பன்னை உற்றுப் பார்க்காமலே எடுத்திருந்தாள். மாலையில் பன் முழுதாகத்தான் இருந்தது. படங்களிலோ ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குறைந்திருந்தது.

கணவன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவளும், வந்து தங்கியிருக்கும் நாத்தனாரும்தான். நாத்தனார்தான் தின்றுவிட்டு வேறு பன் வாங்கி வைத்திருப்பாள் என்று நினைத்தாள்.

"பசிச்சா கேக்க வேண்டியதுதானே? ஒளிச்சுத் திங்கணுமா?"

"வயிறு என்னுது அண்ணி, அதுல என்ன போச்சுன்னு எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. அப்புறம் நான் கிளம்பிடறேன்." நாத்தனார் பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்தாள்.

இந்த முறை தையல்காரி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். படம் எடுக்க மட்டும் திறந்தாள். அப்படியும் படங்களில் பன் தேய்ந்துகொண்டே போனது.

பெட்டியைத் தானே தூக்கிவந்து பரண்மேல் வைத்தாள். "தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடும்மா."

"அப்ப யாருக்கு அண்ணி இவ்வளவு பசி?"

யாருடையதானாலும் அது கடவுளுக்குத் தெரிந்த பசிதான் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் இரண்டு பன் வைத்து, டம்ளரை விளிம்புவரை நிரப்பிப் படம் எடுத்தாள். மாலையில் எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது.

கழுவி வந்த கடைசிப் படத்தில் தட்டு காலியாக இருந்தது. டம்ளரையும் யாரோ கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வெள்ளை விரிப்பில் ஓர் ஈர வட்டம்.