பின்பக்கத் தையல்

"ஆறு இன்ச் மாஸ்டர். ஒரு நூல்கூட கூட்டிச் சொல்லல. நீங்களே பாருங்க."

டிரைவர் பேன்ட் இடுப்பை முன்னாடி இழுத்துக் காட்டினாரு. ரெண்டு முஷ்டி தாராளமா உள்ள போகும்.

டெய்லரால நம்ப முடியல. ஆறு மாசத்துக்கு முன்னாடி இவருக்கு ரெண்டு யூனிஃபார்ம் பேன்ட் தைச்சதே அவருதான். அப்ப இடுப்பு நாப்பத்திரெண்டு. மூச்சை இழுத்துப் பிடிச்சப்பவும் அதே நாப்பத்திரெண்டு.

"எப்படி சார்?"

"கம்பெனி டாக்டர் கெடு வெச்சுட்டாரு. பஸ்ஸைத் திருப்பும்போது ஸ்டீரிங் தொப்பையில உரசுதாம். மூணு மாசத்துல இடுப்பு முப்பத்தெட்டுக்கு வரணும், இல்லேன்னா ஆபீஸ்ல ஃபைல் தூக்குன்னாரு. இருபத்திரெண்டு வருஷமா ஓட்டுறேன். வண்டியை விட்டு இறங்கினா எனக்கு வேற என்ன தெரியும்? நாளைக்குத்தான் செக்கப்."

"பட்டினியா?"

"பட்டினி இல்ல. சோறு பாதி, காய் ரெண்டு பங்கு, முட்டை. டீக்கு சர்க்கரை கிடையாது. வாரத்துல மூணு நாள் வெயிட் தூக்கணும். ஜிம் கோச் சின்னப் பொண்ணுதான். 'இன்னும் ரெண்டே ரெண்டு அங்கிள்'னு சொல்லியே பத்து வாட்டி தூக்க வெச்சுடும். தொப்பை முதல் ஆளா வந்து கடைசி ஆளாத்தான் போகும், பொறுமையா இருங்கன்னும் சொல்லுச்சு."

"முன்னாடியும் ஆரம்பிச்சீங்க இல்ல?"

"மூணு வாட்டி. மூணும் நாலாவது வாரத்துல ஊத்திக்கிச்சு. முதுகொடிய தூக்கியும் பேன்ட் அப்படியே பிடிச்சா மனசு விட்டுப் போகாதா? பெல்ட் போட்டா வயித்தை அறுக்கும், அதனால நமக்கு பேன்ட்டுதான் கணக்கு. இந்த வாட்டி மூணாவது வாரமே தளர ஆரம்பிச்சுடுச்சு! அப்புறம் விடுவேனா?"

"வீட்டுல அவங்களுக்கு சந்தோஷமா இருக்குமே."

"அட, நீங்க வேற! பேன்ட் லூசாகுதுடின்னு ஆசையா சொன்னா, 'துவைச்சுத் துவைச்சுத் துணி விரிஞ்சிருக்கும், ரொம்ப குதிக்காதீங்க'ன்னா. 'பஸ் டயர்ல காத்து இறங்கினாலும் இறங்கும், உங்களுக்கு இறங்காது'ன்னா. அந்த வாயை அடைக்கணும்னே தூக்கினேன் மாஸ்டர். ஒரு வார்த்தை பாராட்டினா முத்தா உதிர்ந்துடும்?"

எதிர்த்த கடையில டிரைவரோட சம்சாரம் பல்பு வாங்கிட்டு நின்னாங்க. ஒவ்வொரு பல்பையும் எரிய விட்டுப் பாத்து, கடைக்காரரையும் எரிய விட்டுட்டு இருந்தாங்க. புருஷன் செத்துப் பிழைச்சிருக்கான், இப்படியும் ஒரு பொம்பளையான்னு டெய்லர் மனசுக்குள்ள முறைச்சுக்கிட்டாரு.

"சரி, குடுங்க. பிடிச்சுத் தரேன்."

டிரைவர் கையில கொண்டுவந்திருந்த இன்னொரு பேன்ட்டை டெய்லர் வாங்கி உள்பக்கம் திருப்பினாரு. திருப்பின கை அப்படியே நின்னுடுச்சு.

பின்பக்க நடுத்தையல்ல அவர் போட்ட மெஷின் தையலைக் காணோம். அது இருந்த இடத்துல வெறும் ஊசி ஓட்டைதான் வரிசையா இருந்தது. கால் இன்ச் தள்ளி இன்னொரு வரிசை ஓட்டை. அதுக்கும் தள்ளி இன்னும் ரெண்டு. கடைசியா, துணியோட ஓரத்துல, கைத்தையல்.

நாலு வாட்டி பிரிச்சு, நாலு வாட்டி தைச்சிருக்கு. உள்ள பிடிக்கல, அகலமா விட்டிருக்கு. இடுப்பு ரெண்டு இன்ச் பெருசு.

டெய்லர் கழுத்துல கிடந்த நாடாவை எடுத்தாரு. பேன்ட் பெருசானதை வயிறு சிறுத்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு நிக்கிறாரா இந்த மனுஷன்? நாளைக்கு டாக்டர் நாடா வெச்சா என்ன ஆகும்?

"சார், சட்டையைத் தூக்குங்க. மூச்சை இழுக்காதீங்க."

நாடாவைச் சுத்தினாரு. முப்பத்தெட்டு. நம்பாம இன்னொரு வாட்டி சுத்தினாரு. முப்பத்தெட்டேதான்.

அப்பத்தான் டெய்லருக்கு மூச்சு வந்தது.

"நாலு இன்ச் போயிருக்கு சார்."

"ஆறு!"

"நாலு. மிச்ச ரெண்டு இங்க இருக்கு." பேன்ட்டைத் திருப்பிக் காட்டி, ஓட்டை வரிசை ஒவ்வொண்ணையும் விளக்கினாரு. "வீட்டுல யார் தைப்பாங்க?"

"யாரு இருக்கா? நானும் அவளும்தான். அவ பட்டன் வெச்சாலே கோணும்."

"இதுவும் கோணலாத்தான் இருக்கு. ஆனா ரெட்டை நூல் போட்டிருக்காங்க. நீங்க எப்படிக் குனிஞ்சாலும் விடாது."

டிரைவர் சட்டுனு முதுகைக் காட்டித் திரும்பினாரு. "போட்டிருக்கற இதுல?"

டெய்லர் இடுப்புப் பட்டியை மடிச்சுப் பாத்தாரு. "இதுலயும் நாலு வரிசை ஓட்டை."

"அப்ப மூணாவது வாரம் எனக்குக் குறையவே இல்லையா?"

"பேன்ட்டு முன்னாடி போயிருக்கு சார். நீங்க விடாம தூக்கினதுல, வயிறு பின்னாடியே வந்து சேந்துடுச்சு."

டிரைவர் அந்த ஓட்டைங்க மேல விரலை வெச்சு, ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் மெதுவா நகத்திட்டே போனாரு.

டெய்லர் முப்பது வருஷத்துல பாக்காத தையல் இல்ல. வாயால திட்டிக்கிட்டே கையால இப்படி ஒருத்தர் தைச்சதை இன்னைக்குத்தான் பாக்கறாரு.

"பிடிச்சுடவா சார்?"

"வேணாம் மாஸ்டர்." டிரைவர் அந்த பேன்ட்டை வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டாரு. "நாளைக்கு ஊக்கு குத்திக்கிறேன். புதுசா ரெண்டு தைச்சுடுங்க. இதை யாரும் பிரிக்க வேணாம்."

எதிர்த்த கடையில இருந்து குரல் வந்தது. "என்னங்க! அங்க இடுப்பை அளக்கிறாங்களா, நிலத்தை அளக்கிறாங்களா? எவ்வளவு நேரம் நிக்கிறது?"

ஒண்ணு சொன்னா பதிலுக்கு ஒம்பது சொல்ற மனுஷன், கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "இதோ வந்துட்டேன்மா"ன்னு நழுவுற பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடினாரு.